எஸ்.எல்.ஆர். வந்த புதிதில்

முன்னாள் ராணுவத்தினர் நாலு பேர் கேன்டீன் வரிசையில் நின்றால் பேச்சு மூன்று விஷயத்தைத் தாண்டாது. பென்ஷன், சர்க்கரை வியாதி, துப்பாக்கி. முதல் இரண்டில் சண்டை வராது. மூன்றாவதில் கட்டாயம் வரும்.

2019 பிப்ரவரியில் நம் ராணுவத்துக்கு அமெரிக்காவிலிருந்து 72,400 சிக் சாவர் ரைஃபிள் வாங்க ஒப்பந்தம் போட்ட செய்தி பேப்பரில் வந்தது. அந்த வாரம் ஆவடியில் கேன்டீன் வரிசையே கலகலத்துப் போயிருந்தது. ரிட்டயர்டு சுபேதார் ஒருவர் கைத்தடியைத் தரையில் தட்டித் தட்டிச் சொன்னார்: “நான் அப்பவே சொன்னேன்! 7.62-ஐ விட்டது தப்புன்னு. இருபது வருஷம் கழிச்சு திரும்பி அங்கேதானே வந்தீங்க?”

விஷயம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் காலத்து எஸ்.எல்.ஆர். 7.62 மில்லிமீட்டர் குண்டு போடுவது. அதற்குப் பிறகு தொண்ணூறுகளின் கடைசியில் வந்த இன்சாஸ் 5.56 மில்லிமீட்டர். குண்டு சிறியது, எடை குறைவு, சிப்பாய் அதிகம் சுமக்கலாம். நம் திருச்சி தொழிற்சாலையிலும் செய்தார்கள். ஆனால் எங்கள் செட்டு ஆட்களுக்கு அது என்றைக்கும் பிடித்ததில்லை. ‘எஸ்.எல்.ஆர். குண்டு பட்டா ஆள் விழுவான், இது பட்டா திரும்பிப் பார்ப்பான்’ என்று கேலி பேசுவார்கள். கார்கில் குளிரில் அதன் பிளாஸ்டிக் மேகசின் விரிசல் விட்டதாகச் செய்தி வந்ததிலிருந்து கேலி இன்னும் கூடிவிட்டது. இப்போது புதிதாக வாங்குவது மறுபடி 7.62 என்றதும் கிழவர்கள் எல்லோருக்கும் மீசை முளைத்துவிட்டது.

அன்று நான் பேசாமல் நின்றேன். ஏனென்றால் அந்த எஸ்.எல்.ஆர். புதிதாக வந்தபோது நடந்த சண்டையும் எனக்கு நினைவிருக்கிறது. இப்போது அதைத் தெய்வமாகக் கும்பிடுகிறோமே, அன்றைக்கு அதைத் திட்டாத பழைய உஸ்தாத் கிடையாது.

நான் பட்டாளத்தில் சேர்ந்தது 1968-ல். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துப் பையன். அதுவரை மலையே பார்த்ததில்லை. கொண்டுபோய் இறக்கிய இடம் நீலகிரியில் வெலிங்டன், மதராஸ் ரெஜிமென்ட் சென்டர். உப்புக்காற்றில் வளர்ந்த உடம்புக்கு அந்தக் குளிர் முதல் மாதம் ஒத்துக்கொள்ளவேயில்லை. அங்கே முதலில் கையில் கொடுத்தது .303. இங்கிலீஷ்காரன் காலத்து லீ என்ஃபீல்டு. மேகசினில் பத்துக் குண்டு. ஒவ்வொரு குண்டு சுட்ட பிறகும் போல்ட்டைத் தூக்கி, பின்னால் இழுத்து, முன்னால் தள்ளி, கீழே அழுத்த வேண்டும். முதல் உலகப்போரிலேயே ஓடிய சாமான். நன்றாகப் பழகினவன் ஒரு நிமிஷத்தில் பதினைந்து குண்டு குறி பார்த்தே போடுவான். எங்கள் உஸ்தாத்மார் போட்டுக் காட்டுவார்கள். போல்ட் போய் வருவது கண்ணுக்கே தெரியாது.

சில மாதம் கழித்துத்தான் எஸ்.எல்.ஆர். கைக்கு வந்தது. இச்சாப்பூரில் செய்தது, 1ஏ1 என்று பெயர். மூலம் பெல்ஜியம் நாட்டு எஃப்.ஏ.எல். அதை வைத்து வெள்ளைக்காரன் ஒன்று செய்தான், நம்மவர்கள் அதையெல்லாம் பிரித்துப் பார்த்து நம் கைவாட்டுக்கு ஒன்று செய்தார்கள். 1962 சீனச் சண்டையில் நம் ஜவான் .303-ஐ வைத்துக்கொண்டு போல்ட் இழுத்துக்கொண்டிருக்க, எதிரி தானாக நிரப்பும் துப்பாக்கியோடு வந்தான். அந்த அடிக்குப் பிறகுதான் இது வேகவேகமாக வந்தது.

எஸ்.எல்.ஆர். என்றால் செல்ஃப் லோடிங் ரைஃபிள். தானே நிரப்பிக்கொள்ளும். குண்டு குழலுக்குள் ஓடும்போது பின்னால் வரும் புகையில் கொஞ்சம் ஒரு சின்னத் துளை வழியாகப் போய் ஒரு தண்டைப் பின்னால் உதைக்கும். அந்த உதையில் காலிக் கேஸ் வெளியே தெறிக்கும். ஸ்பிரிங் திரும்பி வரும்போது அடுத்த குண்டை உள்ளே தள்ளிவிடும். நாம் செய்ய வேண்டியது குதிரையை இழுப்பது மட்டும். ஒரு இழுப்புக்கு ஒரு குண்டு. மேகசினில் இருபது. பக்கத்தில் ஒரு சின்ன நெம்புகோல். அதில் எஸ் என்றால் சேஃப்டி, ஆர் என்றால் ரிபிடிஷன். ‘ஆர்-னா ரம்’ என்று நாங்கள் சொல்லிக்கொள்வோம்.

முதல் தடவை சுட்டபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். போல்ட் இழுக்க முகத்தை எடுக்க வேண்டாம். கன்னம் கட்டையிலேயே இருக்கிறது, கண் குறியிலேயே இருக்கிறது, அடுத்த குண்டு தயாராக இருக்கிறது. இருபது வயதுப் பையன்களுக்கு வேறென்ன வேண்டும்? ராத்திரி பாரக்கில் படுத்துக்கொண்டு அதைப் பற்றியே பேசுவோம். மோட்டார் சைக்கிள் வாங்கினவன் பேசுகிற மாதிரி.

உஸ்தாத்மார் இரண்டு கட்சி. ஒரு ஹவில்தார், பழைய ஆள், மூக்கைச் சுளித்துக்கொண்டே சொல்லித் தருவார். “பத்துக் குண்டு வச்சிருக்கவன் குறி பார்ப்பான். இருபது வச்சிருக்கவன் சத்தம் போடுவான்” என்பார். எடை ஜாஸ்தி, நீளம் ஜாஸ்தி, மண் பட்டால் முரண்டு பிடிக்கும், சுத்தம் செய்ய ஆயிரம் துண்டு என்று குறை அடுக்குவார். காலிக் கேஸ் எல்லாவற்றையும் பொறுக்கி எண்ணிக் கொடுக்க வேண்டும் என்பது ரேஞ்சில் சட்டம். .303-ல் கேஸ் காலடியில் விழும், இதில் எங்கோ பறந்து புல்லுக்குள் போய்விடும். ஒரு கேஸ் குறைந்தாலும் முழு பிளட்டூனும் மாலை வரை புல்லைத் தடவ வேண்டியதுதான். “உன் புது மாப்பிள்ளை பண்ணுற வேலையைப் பாரு” என்று அவர் ஓரமாக நின்று சிரிப்பார்.

இன்னொருவர் நாயக். அதிகம் பேசமாட்டார். 1962-ல் வடகிழக்கு எல்லையில் இருந்து திரும்பியவர். ஹவில்தார் ஒருநாள் .303 புராணம் பாடி முடித்ததும் இவர் வலது கையை நீட்டி விரலை மடக்கிக் காட்டினார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிதான் மடங்கின. “பனியில இந்த விரலால போல்ட்டைத் தூக்க முடியல உஸ்தாத். பக்கத்துல இருந்தவனுக்கும் முடியல” என்றார். அவ்வளவுதான். ஹவில்தார் அதற்குப் பிறகு அவர் இருக்கும்போது அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

துப்பாக்கி ரசனை என்பது வேறு, தேவை என்பது வேறு என்று எனக்கு முதலில் பட்டது அன்றைக்குத்தான்.

1970 பொங்கலுக்கு லீவில் ஊருக்கு வந்தேன். அப்போது எங்கள் பக்கம் செங்கல்பட்டு மாவட்டம், பொன்னேரி தாலுக்கா. பழவேற்காடு பஜார் டீக்கடையில் பட்டாளத்துக்காரன் வந்திருக்கிறான் என்றால் கூட்டம் கூடாமல் இருக்குமா? எஸ்.எல்.ஆர். பற்றிச் சொன்னேன். கையில் இல்லாத துப்பாக்கியைத் தோளில் வைத்துச் சுட்டும் காட்டினேன். ஒருவர், “எம்.ஆர். ராதா கிட்ட இருந்ததும் இதானாப்பா?” என்றார். எம்.ஜி.ஆர். சுடப்பட்டு மூன்று வருஷம் ஆகியும் எங்கள் ஊரில் துப்பாக்கி என்றாலே அந்த நினைவுதான். இன்னொருத்தர், “இருபதும் சுட்டு முடிக்க எம்மா நேரம் ஆவும்?” என்று கேட்டார். அரை நிமிஷம்கூட வேண்டாம் என்றதும் கடையில் ஒரு ‘ஹோ’ எழுந்தது. ஒரு இளவட்டம் உடனே கணக்குப் போட்டான்: “அப்போ ஏரியில இறங்கினா ஒரு நாளைக்கு எத்தினி வாத்து?”

அவன் கேட்டதில் தப்பில்லை. அந்த நாளில் ஏரியில் மழைக்காலம் முடிந்து தை, மாசியில் பறவை என்றால் அப்படி இருக்கும். ஊசிவால் வாத்து, கிளுவை, உள்ளான், கூழைக்கடா. தூரத்தில் பூநாரைக் கூட்டம் நின்றால் கரையே ரோஸ் கலராக இருக்கும். பறவை சுட்டு விற்பது சில குடும்பத்துக்குக் குளிர்காலப் பிழைப்பு. எங்கள் சித்தப்பாவும் அதில் ஒருத்தர்.

சித்தப்பாவிடம் இருந்தது லைசென்ஸ் உள்ள நாட்டுத் துப்பாக்கி. வாய் வழியாகக் கெட்டிப்பது. ஒரு தடவை சுட்டால் அடுத்த தடவைக்கு என்ன செய்ய வேண்டும் தெரியுமா? கொம்புக் குப்பியிலிருந்து மருந்தை அளந்து குழலில் கொட்ட வேண்டும். தேங்காய் நாரைச் சுருட்டித் திணித்து, நீளக் கம்பியால் குத்தி இறுக்க வேண்டும். பிறகு ரவை. அதன்மேல் மறுபடி நார், மறுபடி குத்து. பின்னால் கேப்பு வைத்து, குதிரையைத் தூக்கி வைக்க வேண்டும். ஒரு வெற்றிலை மடித்துப் போட்டு மென்று முடிக்கிற நேரம் ஆகும். அதற்குள் பறவை எல்லாம் எழும்பி ஏரியின் அந்தக் கோடிக்குப் போய் உட்கார்ந்திருக்கும். மறுபடி தோணியைக் கழியால் தள்ளிக்கொண்டு, குனிந்து, ஓசைப்படாமல் போக வேண்டும். ஒரு காலைக்கு நாலு வெடி, ஐந்து வெடி. அதற்குமேல் முடியாது. பூநாரையை அவர் சுடமாட்டார். பக்தி ஒன்றுமில்லை, கறி வாடை அடிக்கும், விலை போகாது.

(எங்கள் ஊருக்கும் வெடிமருந்துக்கும் பழைய உறவு. 1613-ல் டச்சுக்காரன் இங்கே கெல்ட்ரியா கோட்டை கட்டி, பிறகு மருந்து ஆலையும் வைத்தான். அவனுடைய கிழக்கிந்தியத் தீவுகளுக்கும் கப்பல்களுக்கும் பழவேற்காட்டு மருந்துதான் போயிற்று. கோட்டை இருந்த இடத்தில் இப்போது முள்ளுக்காடு.)

டீக்கடையில் நான் சொன்னதை எல்லாம் சித்தப்பா ஒரு ஓரத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டுக்கு நடக்கும்போது இரண்டே கேள்வி கேட்டார். “இருபது குண்டுக்கு யாருடா காசு?” சர்க்கார் காசு என்றேன். “அதான்” என்றார். கொஞ்ச தூரம் போய், “அந்தக் குண்டு பட்டா வாத்துல இன்னா மிஞ்சும்?” என்றார். ஒன்றும் மிஞ்சாது, அது மனுஷனுக்குச் செய்தது என்றேன். அதற்குப் பதில் சொல்லவில்லை.

அதே லீவில், மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் என்று ஞாபகம், மதராஸிலிருந்து ஒரு ஜீப்பில் மூன்று பேர் வந்தார்கள். பெரிய இடத்து ஆட்கள். தோணி தள்ள சித்தப்பாவைக் கேட்டார்கள். பேசின கூலி ஒரு வார இறால் பாட்டுக்குச் சமம். நானும் கூட ஏறிக்கொண்டேன். அவர்களில் ஒருவரிடம் ஒரு துப்பாக்கி. உறையிலிருந்து எடுத்ததும் மற்ற இருவரும் குழந்தையை வாங்குவது போல வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். ப்ரௌனிங் ஆட்டோமேடிக் ஷாட்கன், பன்னிரண்டு போர். ஒன்று குழலில், நாலு அடியில், மொத்தம் ஐந்து தோட்டா. ஒன்று சுட்டால் அடுத்தது தானாக வந்து உட்காரும். அதுவும் பெல்ஜியத்தில் அதே எஃப்.என். கம்பெனி செய்தது. ஜான் ப்ரௌனிங் என்ற அமெரிக்கர் கண்டுபிடித்தது. அவரிடம் வேலை பழகிய சேவ் என்பவர்தான் பின்னால் எஃப்.ஏ.எல். செய்தார். ஆக, எங்கள் எஸ்.எல்.ஆருக்கு அந்த ஷாட்கன் ஒரு வகையில் பெரியப்பா. இதெல்லாம் நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டது. அன்றைக்கு ‘இதுவும் தானாக நிரப்புகிறதே’ என்று வாய் பிளந்து பார்த்தேன், அவ்வளவுதான்.

விடிகிற நேரம். சித்தப்பா தோணியை வாத்துக் கூட்டத்துக்கு அவ்வளவு அருகில் கொண்டுபோய் நிறுத்தினார். அவர் கைத்திறமை அப்படி. முதல் வெடி. பறவை எழும்பியது. எழும்புகிற கூட்டத்துக்குள் இரண்டு, மூன்று, நாலு, ஐந்து. நான் மூச்சு விடுவதற்குள் முடிந்துவிட்டது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் தட்டிக்கொடுத்துக்கொண்டார்கள். “பார்த்தியா, பார்த்தியா, தோளைவிட்டே எடுக்கலை” என்று ஒருத்தர். வெலிங்டன் பாரக்கில் நாங்கள் பேசிய அதே பேச்சு, அதே குரல். அன்று காலை இன்னும் மூன்று இடத்தில் அப்படியே நடந்தது.

கைக்குக் கிடைத்த வாத்தை அவர்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். கூலியோடு இரண்டு வாத்தும் சித்தப்பாவுக்குக் கொடுத்தார்கள். குறை சொல்ல முடியாது, மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள்.

அடுத்த இரண்டு நாள் சித்தப்பா வலைக்குப் போகவில்லை. தனியாகத் தோணியைத் தள்ளிக்கொண்டு அந்தப் பக்கத்துச் சேற்று மேடெல்லாம் சுற்றினார். மூன்றாம் நாள் என்னையும் கூட்டிப் போனார். சிறகு ஒடிந்த வாத்து சேற்றில் இழுத்துக்கொண்டு கிடந்தது. நண்டு பிடித்துத் தின்ற பாதி உடம்பு ஒன்று. வலைக் கம்பில் ஒதுங்கி மிதந்தது ஒன்று. ஒரு பூநாரை, கால் முறிந்து, நிற்க முயன்று முயன்று விழுந்துகொண்டே இருந்தது. அதன் கழுத்தைத் திருகி முடித்துவிட்டு சித்தப்பா தோணி விளிம்பில் உட்கார்ந்தார்.

“ஒரு வெடின்னா ஒரு கணக்கு இருக்கணும்டா நைனா. எது உழுந்துச்சு, எங்க உழுந்துச்சுன்னு கண்ணு போவணும். அஞ்சு வெடி சேர்ந்தாப்ல வெடிச்சா அந்தக் கணக்கை யாரு பாக்கறது?”

நான் ரேஞ்சில் காலிக் கேஸ் எண்ணுவதைப் பற்றிச் சொன்னேன். “உங்க உஸ்தாது தோட்டாவை எண்ணுறாரு. நான் வாத்தைச் சொல்றேன்” என்றார்.

அடுத்த வாரம் அந்த ஜீப்காரர்கள் மறுபடி ஆள் அனுப்பினார்கள். முதுகு வலி என்று சொல்லி அனுப்பிவிட்டார். சித்தி சண்டை போட்டாள். போடமாட்டாளா? முகத்துவாரம் அடைபட்டு ஏரியில் இறால் வராத வருஷம். அந்தக் கூலி வந்திருந்தால் கடன் ஒன்று அடைந்திருக்கும். மூன்று நாள் அவருக்குச் சோறு போட்டாள், பேசவில்லை.

1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 1980-ல் நம் பக்கத்து ஏரியைப் பறவைகள் சரணாலயம் ஆக்கினார்கள். சட்டம் நல்லது என்பதில் எனக்கு இரண்டாவது எண்ணம் கிடையாது. அன்று அந்தப் பூநாரையைப் பார்த்தவன் நான். ஆனால் ஜீப்பில் வந்தவர்கள் வேறு பொழுதுபோக்குத் தேடிக்கொண்டார்கள், சித்தப்பா வகையறாவுக்குத்தான் குளிர்கால வருமானம் நின்றது. அதற்குப் பதில் என்ன என்று எங்கள் குப்பத்துக்கு வந்து கேட்டவர் யாரும் இல்லை. ஒரு தேர்தலுக்கு முன்பு வழக்கம்போல லைசென்ஸ் துப்பாக்கியை ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கச் சொன்னார்கள். ஒப்படைத்தார். தேர்தல் முடிந்தும் திரும்பப் போய் வாங்கவில்லை. லைசென்ஸையும் புதுப்பிக்கவில்லை. மணியார்டரில் நான் அனுப்பியதை வைத்தும், நண்டு பிடித்தும் ஓட்டினார்கள். கடைசிவரை தை மாதம் விடிகாலையில் எழுந்து கரைக்குப் போய் நிற்பதை மட்டும் விடவில்லை. எத்தனை கூட்டம், எந்தப் பக்கம் என்று வந்து சொல்வார். யாரும் கேட்காவிட்டாலும் சொல்வார்.

எஸ்.எல்.ஆரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எல்லையில் விரைத்த விரலோடு நின்றவனுக்கு அது உயிர். பதினேழு வருஷம் என் தோளில் இருந்த சாமான், இன்று கொடுத்தாலும் கண்ணைக் கட்டிக்கொண்டு பிரித்துப் பூட்டுவேன். ஆனால் எந்தப் புதுத் துப்பாக்கி வந்தாலும் ரசிகர்கள் முதலில் மெச்சுவது, அடுத்த குண்டு எவ்வளவு சீக்கிரம் வருகிறது என்பதைத்தான். ஷாட்கன் பார்த்த அந்த மூன்று பேரும், பாரக்கில் நாங்களும், கேன்டீன் சுபேதாரும் அதில் ஒரே ஜாதி. முதல் குண்டு எங்கே போனது என்று பேசக் கேட்டது குறைவு.

கேன்டீன் சண்டை நடந்த அதே வருஷம் கோடை லீவுக்குப் பேரன் வந்திருந்தான். எட்டாம் வகுப்பு. எந்நேரமும் செல்போனில் பப்ஜி. “தாத்தா, இதுல எஸ்.எல்.ஆர். இருக்கு, உங்களோடது!” என்று காட்டினான். பார்த்தேன். அச்சு அசல் அதே கட்டை, அதே குழல். மேகசின் போதாது, பத்துக் குண்டுதான், தனியாக ஒன்று தேடி எடுத்து மாட்டினால்தான் இருபது. உதை மட்டும் ரொம்பச் சரியாக வைத்திருக்கிறார்கள்.

“எப்படிடா இருக்கு?” என்றேன்.

“வேஸ்ட் தாத்தா. ரொம்ப ஸ்லோ. ஆட்டோ கிடையாது, ஒண்ணொண்ணா தட்டணும்.”

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் பார்த்தேயிராத சின்னத் தாத்தாவின் நாட்டுத் துப்பாக்கியைச் சொன்னேன். கொம்புக் குப்பி, மருந்து, நார், கம்பி, குத்து, ரவை, மறுபடி நார், மறுபடி குத்து, கேப்பு, குதிரை. கையை ஆட்டி ஆட்டி முழுசாகச் செய்து காட்டினேன். பையன் கண்ணை எடுக்காமல் கேட்டான்.

“அதுக்குள்ள என்னைப் போட்டுத் தள்ளிடுவாங்களே தாத்தா” என்றான்.

“வாத்து எங்கேடா திருப்பிச் சுடும்?” என்றேன்.

அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்படியென்றால் வாத்து ஓடிப் போய்விடாதா என்று கேட்டான். போய்விடும், முக்கால்வாசி போய்விடும் என்றேன்.